விசுவாசம் குறைந்தால் ஜெபம் கேட்கப்படாதா? அம்மா டயாலிசிஸை நிறுத்தச் சொல்கிறார்

பாளை மகள் | செவ்வாய், இரவு 10.50

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இங்கே வாசிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். இன்றைக்கும் முடித்துவிட்டுத்தான் வந்தோம்.

போன வாரம் எங்கள் பக்கத்தில் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஊழியர் (பிரசங்கியார்) ஒருவர் அம்மாவின் தலையில் கைவைத்து ஜெபித்தார். "சுகம் பெற்றேன் என்று வாயால் அறிக்கை செய்துவிட்டு, மறுபடியும் மெஷினில் போய்ப் படுத்தால் அது அவிசுவாசம்" என்று மைக்கில் சொன்னார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், "இதுதான் கடைசி, வியாழக்கிழமை வரமாட்டேன்" என்கிறார். தம்பியும் அவர் பக்கம். நான் தடுத்தால், "அக்காவின் சந்தேகம்தான் அம்மாவின் சுகத்தைத் தடுக்கிறது" என்கிறான். யாக்கோபு 1-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுகிறான். சந்தேகப்படுகிறவன் கர்த்தரிடத்தில் எதையும் பெறலாமென்று நினைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறதே.

ராத்திரி முழுக்க ஜெபிக்கத்தான் செய்கிறேன். ஆனால் மனதுக்குள் பயம் இருக்கிறது. அந்தப் பயத்தோடு கூப்பிட்டால் அவர் கேட்பாரா? என்னால்தான் அம்மாவுக்குச் சுகம் வராமல் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரெண்டாவது ஷிப்ட் | செவ்வாய், இரவு 11.05

அக்கா, நான் டயாலிசிஸ் யூனிட்டில் டெக்னீஷியன். வேத விளக்கம் பெரியவர்கள் சொல்லட்டும். நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். வியாழக்கிழமையை விடாதீர்கள்.

டயாலிசிஸ் வியாதியைக் குணமாக்கும் மருந்து கிடையாது. கிட்னி செய்ய வேண்டிய வேலையை நாலு மணி நேரம் மெஷின் செய்கிறது, அவ்வளவுதான். ஒரு முறை விட்டால் உடம்பில் பொட்டாசியம் ஏறும், தண்ணீர் சேரும். தண்ணீர் நுரையீரலுக்குப் போனால் மூச்சு முட்டும். பொட்டாசியம் அளவு மீறினால் எந்த அறிகுறியும் இல்லாமலே இதயம் நின்றுபோகலாம். "நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லி விட்டவர்களை நடு ராத்திரியில் ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆண்டவர் உண்மையிலேயே கிட்னியைச் சரிசெய்திருந்தால் அது மறைந்து இருக்காது. சிறுநீர் வரும், ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) இறங்கும். டாக்டரே நிறுத்தச் சொல்வார். அதுவரை டயாலிசிஸை விட வேண்டாம்.

எக்காளம் | செவ்வாய், இரவு 11.30

சகோதரி, முதலில் ஒன்று. மருந்தை நிறுத்து என்று நான் யாருக்கும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. அந்த ஊழியர் மைக்கில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

ஆனால் இந்த மாதிரி இழைகளில் வழக்கமாக நடப்பது என்னவென்றால், ஒருவர் தவறாகப் பேசியதைச் சாக்காக வைத்து, தேவன் சுகமாக்குவார் என்பதையே மெல்ல மெல்லக் கழுவிவிடுவார்கள். விசுவாசத்துக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? இயேசு வளர்ந்த நாசரேத்தில் என்ன நடந்தது? சொந்த ஊர்க்காரர்களின் அவிசுவாசத்தால் அங்கே அவரால் ஒரு அற்புதமும் செய்ய முடியவில்லை என்று மாற்கு 6 சொல்கிறது. பெரும்பாடுள்ள (தீராத ரத்தப்போக்குள்ள) பெண்ணிடம் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்றுதானே சொன்னார்? சந்தேகத்தைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்காதீர்கள். அதோடு போராடச் சொல்லுங்கள்.

உபதேசியார் தாத்தா | புதன், காலை 5.40

மகளே, காலை ஜெபம் முடித்துவிட்டு உன் பதிவைப் பார்த்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

உன் தம்பி காட்டும் யாக்கோபு வசனத்திலிருந்தே தொடங்குவோம். அதற்கு முந்தின வசனத்தை அவன் வாசித்தானா என்று கேள். "உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால்" என்று அது தொடங்குகிறது. அங்கே பேச்சு ஞானம் கேட்பதைப் பற்றி. வியாதியைப் பற்றி யாக்கோபு தனியாக 5-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அங்கே வியாதிக்காரன் செய்ய வேண்டியது ஒன்றுதான், சபையின் மூப்பர்களை வரவழைப்பது. ஜெபிக்க வேண்டியவர்கள், எண்ணெய் பூச வேண்டியவர்கள் எல்லாம் மூப்பர்கள். விசுவாசமுள்ள ஜெபம் என்று அங்கே சொல்லியிருப்பதும் அவர்களுடைய ஜெபத்தைத்தான். படுத்திருப்பவளின் விசுவாசத்தைத் தராசில் வைத்து நிறுக்கும் வேலை அந்த அதிகாரத்தில் இல்லவே இல்லை.

மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு யாருடைய விசுவாசத்தைக் கண்டார்? "அவர்கள் விசுவாசத்தை" என்று எழுதியிருக்கிறது. கட்டிலில் கிடந்தவன் அதுவரை வாயே திறக்கவில்லை.

இனி பயத்தோடு கூப்பிடுவது பற்றி. மாற்கு 9-ல் ஒரு தகப்பன் வருகிறான். பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான். சீஷர்களிடம் கொண்டுபோனான், அவர்களால் முடியவில்லை. கடைசியில் இயேசுவிடம், நீர் ஏதாவது செய்யக்கூடுமானால் உதவி செய்யும் என்கிறான். "கூடுமானால்" என்றாலே சந்தேகம்தான். அவர் அதைச் சுட்டிக்காட்டினதும் அவன் கண்ணீரோடு சத்தமிட்டான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." நம்பிக்கையும் நம்பாமையும் ஒரே மூச்சில் வருகிறது பார். போய் அவிசுவாசத்தைச் சரிசெய்துவிட்டு வா என்று அவர் அனுப்பவில்லை. பையன் அன்றைக்கே எழுந்தான். நீ ராத்திரி செய்துகொண்டிருப்பது இந்தத் தகப்பனின் ஜெபம்தான்.

பர்திமேயுவை எல்லோருக்கும் தெரியும். எரிகோவில் வழியோரம் உட்கார்ந்து பிச்சையெடுத்த குருடன். "தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்" என்று கத்தினான். சுற்றியிருந்தவர்கள் அதட்டி அடக்கினார்கள். அவன் அதிகமாய்க் கத்தினான். இயேசு நின்றார். பிரசங்கிகள் இங்கே "நின்றார்" என்பதைச் சொல்லிச் சொல்லிச் சபையை அழவைப்பார்கள், நானும் செய்திருக்கிறேன். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த கேள்வி. எதிரே நிற்பவன் குருடன் என்று ஊருக்கே தெரியும். அப்படியும் "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்கிறார். அவனே வாய்விட்டுச் சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறார். அவனும் சுற்றிவளைக்காமல் பார்வை வேண்டும் என்றான். பெற்றுவிட்டேன் என்று அறிக்கையிடவில்லை, இல்லாததை இல்லை என்று சொல்லிக் கேட்டான். அதற்குப் பிறகுதான் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்கிறார். அந்த அதிகாரத்தில் அதுவரை அவன் செய்ததெல்லாம் என்ன? கத்தினான், கூப்பிட்டபோது மேல் வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வந்தான், கேட்டான். அவர் விசுவாசம் என்று சொன்னது இதைத்தான்.

உன் அம்மாவிடம் எசேக்கியாவின் கதையைச் சொல். ராஜா சாகக் கிடக்கிறான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுது ஜெபித்தான். உன் நாட்களோடு பதினைந்து வருஷம் கூட்டுவேன் என்று ஏசாயா தீர்க்கதரிசி மூலம் கர்த்தர் சொன்னார். சொன்ன கையோடு ஏசாயா என்ன செய்தார்? அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல், அதாவது ராஜாவின் கட்டிமேல், வைக்கச் சொன்னார். கர்த்தரே வாயைத் திறந்து வாக்குக் கொடுத்த பிறகும் மருந்துக் கட்டு போட்டார்கள். அதை அவிசுவாசம் என்று சொல்ல ஏசாயாவை எதிர்த்து நிற்கிற ஊழியர் யார்?

எக்காளம் | புதன், காலை 7.15

ஐயா, அத்திப்பழத்துக்கு எதிர்ப்பேச்சு இல்லை. ஆனால் நாசரேத்துக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

உபதேசியார் தாத்தா | புதன், காலை 7.50

சொல்கிறேன் தம்பி. அதே வசனத்திலேயே, சில வியாதிக்காரர்மேல் கைகளை வைத்துக் குணமாக்கினார் என்று இருக்கிறது. அந்த ஊரில் வந்து நின்றவர்கள் சுகமாகித்தான் போனார்கள். அவர்களுடைய அவிசுவாசம் என்ன? இவன் தச்சன் அல்லவா, மரியாளின் குமாரன் அல்லவா என்று இடறலடைந்து, வராமலே இருந்துவிட்டார்கள். பயந்து நடுங்கிக்கொண்டு கேட்கிறவளையும், நமக்கு இவர் தேவையில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவனையும் ஒரே பட்டியலில் எழுதாதே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அப்போஸ்தலர் 12 வாசித்துப் பார். பேதுரு சிறையில். சபை ஊக்கமாக ஜெபிக்கிறது. தூதன் விடுவித்து, பேதுரு வந்து கதவைத் தட்டுகிறான். ரோதை என்ற வேலைக்காரப் பெண் குரலைக் கேட்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிச் சொல்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளுக்குத்தான் புத்தி சரியில்லை என்கிறார்கள்! தங்கள் ஜெபத்துக்குப் பதில் வாசலில் நிற்கிறது என்று அவர்களாலேயே நம்ப முடியவில்லை. அப்படியும் பதில் வந்தது.

சும்மா ஒரு ஆள் | புதன், காலை 10.20

நான் எந்தக் கடவுளையும் கும்பிடுகிறவன் இல்லை. சண்டை போடவும் வரவில்லை. இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். 2006-ல் அமெரிக்கன் ஹார்ட் ஜர்னலில் வந்தது. ஹெர்பர்ட் பென்சன் என்ற மருத்துவர் தலைமையில், ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1802 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். உங்களுக்காக ஜெபம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று சொல்லப்பட்ட இரண்டு பிரிவில், ஜெபிக்கப்பட்டவர்களுக்குச் சிக்கல் வந்தது 52 சதவீதம், ஜெபிக்கப்படாதவர்களுக்கு 51. நிச்சயம் ஜெபிக்கிறோம் என்று சொல்லப்பட்ட மூன்றாவது பிரிவில்தான் அதிகம், 59.

ஜெபியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மெஷினுக்கு மாற்றாக அதை வைக்காதீர்கள்.

முத்துநகர் ரீட்டா | புதன், மதியம் 1.10

சும்மா ஒரு ஆளுக்கு: அந்த ஆராய்ச்சியைப் பற்றி நானும் வாசித்தேன். ஜெபித்தவர்களுக்கு நோயாளியின் முதல் பெயரும் அடுத்த பெயரின் முதல் எழுத்தும்தான் கொடுத்தார்கள். என்ன கேட்க வேண்டும் என்பதற்கு ஒரே மாதிரி ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். நோயாளியின் வீட்டார் செய்த ஜெபத்தை யாரும் நிறுத்தவும் இல்லை, எண்ணவும் இல்லை. பெற்ற தாய்க்காகக் கதறுவதை அப்படி அளக்க முடியாது. ஆனால் மெஷினைப் பற்றி நீங்கள் சொன்னது சரி.

நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் வீட்டில் எது வந்தாலும் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ச்சைதான். இங்கே இருக்கிற சபைக்காரர்கள் அதில் என்னோடு ஒத்துப்போக மாட்டீர்கள், இருக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு. 2004 டிசம்பர் 26 காலையில் அங்கே சுனாமி வந்தபோது ஆலயத்துக்குள் தண்ணீர் போகவில்லை. உள்ளே பூசையில் இருந்தவர்கள் தப்பினார்கள். கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் போய்விட்டார்கள். கிறிஸ்மஸுக்கு மறுநாள். அவர்களும் நேர்ச்சை செலுத்த வந்தவர்கள்தான். உள்ளே இருந்தவர்களுக்கு விசுவாசம் அதிகம், வெளியே நின்றவர்களுக்குக் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஐயா சொன்ன அதே அப்போஸ்தலர் 12-ல் இரண்டாம் வசனத்தையும் பாருங்கள். யோவானின் சகோதரன் யாக்கோபை ஏரோது வாளால் கொன்றான். அதற்கு அடுத்துத்தான் பேதுருவைப் பிடித்தான். ஒரே சபை, ஒரே ஜெபக்கூட்டம். ஒருவர் தப்பினார், ஒருவர் செத்தார். யாக்கோபு விசுவாசத்தில் குறைந்தவர் என்று வேதம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எக்காளம் | புதன், மதியம் 2.00

ரீட்டா சகோதரி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் நான் சுகத்துக்காகக் கேட்பதை நிறுத்த மாட்டேன். "உமக்குச் சித்தமானால்" என்று முதல் வரியிலேயே போட்டு, கேட்பதற்கு முன்பே பின்வாங்கிக்கொள்ளும் ஜெபமும் எனக்குப் பிடிப்பதில்லை.

உபதேசியார் தாத்தா | புதன், மதியம் 2.25

மத்தேயு 26-ல், கெத்செமனே தோட்டத்து ஜெபத்தில், "உம்முடைய சித்தத்தின்படியே" என்ற வரி கடைசியில்தான் வருகிறது தம்பி. முதலில், இந்தப் பாத்திரம், அதாவது இந்தப் பாடு, கூடுமானால் நீங்கட்டும் என்று இயேசு கேட்டார். அதிலும் மூன்று முறை. அதனால் நீ சொன்னது பாதி சரி.

கெடிலக்கரை | புதன், மாலை 4.30

நான் சைவன். தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். எங்கள் பக்கத்துக் கதை ஒன்று சொல்லலாமா? திருவதிகையில் நடந்தது. அப்பர் பெருமான் சமணத்தில் இருந்தபோது சூலை நோய் வந்து குடலை முறுக்கியது. அங்கே மந்திரம், மருந்து எல்லாம் செய்து பார்த்தும் தீரவில்லை. அக்கா திலகவதியாரிடம் ஓடி வந்தார். அந்த அம்மா திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் கூட்டிப்போனார். அப்போது பாடிய பதிகம்தான் "கூற்றாயினவாறு". எனக்கு நம்பிக்கை நிறைந்திருக்கிறது, குணமாகிவிட்டேன் என்றா பாடினார்? வயிற்றுக்குள் குடலோடு சுருட்டி முடக்குகிறதே, "ஆற்றேன் அடியேன்" என்று பாடினார். தாங்க முடியவில்லை என்று நேராகச் சொல்கிறார்.

சுந்தரர் இன்னும் ஒரு படி மேல். உன்னைப் பிரியேன் என்று மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டினதும் இரண்டு கண்ணும் போயிற்று. காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. திருவாரூரில் போய்ச் சிவன் முன் நின்று, உம் அடியார் இப்படித் தவிக்கும்போது நீரே "வாழ்ந்து போதீரே" என்று பாட்டுக்குப் பாட்டு முடிக்கிறார். நீர் மட்டும் நல்லா இரும் ஐயா என்கிற மாதிரி. திட்டு வாங்கிக்கொண்டு மற்றக் கண்ணையும் கொடுத்தார் தியாகேசர், அந்த ஆரூர்ச் சிவன். தவறு செய்தது சுந்தரர்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

உபதேசியார் தாத்தா | புதன், மாலை 5.15

கெடிலக்கரை ஐயா, நன்றி. தாவீதும் இதே பேச்சுத்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. அதிலாவது கடைசியில் ஒரு பாட்டு வரும். கோராகின் புத்திரர் பாடின 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிந்துவிடும். அதையும் ஜெபப் புத்தகத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

களக்காட்டு மருமகள் | புதன், இரவு 8.00

பாளை மகளே, நம்ம டோனாவூர் அம்மாவை உனக்குத் தெரியாமல் இருக்காது. ஏமி கார்மைக்கேல், அயர்லாந்தில் பிறந்த மிஷனரி. சின்ன வயதில் நீலக் கண் வேண்டும் என்று ராத்திரி ஜெபித்துவிட்டுப் படுத்தாராம். காலையில் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண். இதைப் பிரசங்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது பின்பாதியை. 1931-ல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். அதிலிருந்து 1951-ல் சாகும்வரை, இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, பெரும்பாலும் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தவர். அந்தப் பிள்ளைகள் எல்லாம் அவருக்காக ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? அந்தக் கட்டிலில் இருந்துகொண்டுதான் புத்தகம் புத்தகமாக எழுதினார். அவரிடம் போய் உமக்கு விசுவாசம் போதாது என்று மைக்கில் பேசின அந்த ஊழியர் சொல்லுவாரா?

பவுலும் தன்னை முள்போல் குத்தின உபாதை நீங்க மூன்று முறை கேட்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. கூட வந்த துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டு வந்தேன் என்று அவரே தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கு அவர் சொன்னதும் கொஞ்சம் திராட்சரசம்தான்.

பாளை மகள் | புதன், இரவு 9.40

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எசேக்கியா கதையை இரண்டு தடவை கேட்டார். "அத்திப்பழம் கிலோ என்ன விலை?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அப்புறம், "ராஜாவுக்கே கட்டுப் போட்டார்களா, சரி, நாளைக்கு வருகிறேன்" என்றார். தம்பி இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான். அவனோடு வாதாட எனக்குத் தெம்பு இல்லை.

அம்மாவுக்கு இப்போது ஒரு ஆசை. யாக்கோபு 5-ல் சொன்ன மாதிரி எங்கள் சபை மூப்பர்கள் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டுமாம். நாளைக்குக் காலை கிளம்புவதற்கு முன்பே வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ரெண்டாவது ஷிப்ட் தம்பி, எண்ணெய் பூசினால் பிரச்சினை உண்டா? அம்மா உபவாசமும் இருக்கிறேன் என்கிறார்.

ரெண்டாவது ஷிப்ட் | புதன், இரவு 9.55

நெற்றியில் பூசட்டும் அக்கா, ஒன்றும் ஆகாது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாயை இணைத்தது) போட்ட கையில் மட்டும் எண்ணெய் படவே கூடாது. ஊசி குத்துகிற இடம் சுத்தமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி தொற்றும். பிளாஸ்டரும் ஒட்டாது. ஜெபிக்கும்போது அந்தக் கையை யாரும் இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆர்வத்தில் பிடித்துவிடுவார்கள்.

உபவாசம் வேண்டாம். சர்க்கரைக்காரர், மெஷினில் இருக்கும்போது சர்க்கரை இறங்கிவிடும், பிரஷரும் விழும். வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். செலவு பற்றி யோசனை இருந்தால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் வரும். உங்கள் யூனிட்டிலேயே அதற்கு ஆள் இருப்பார், கேட்டுப் பாருங்கள்.

எக்காளம் | புதன், இரவு 10.10

அம்மா சாப்பிடட்டும். அவர்களுக்குப் பதிலாக நாளைக்கு நான் உபவாசம் இருக்கிறேன். முழுச் சுகத்துக்காகத்தான் கேட்பேன், கிட்னி இரண்டுக்கும். அதில் என்னை யாரும் குறைத்துக் கேட்கச் சொல்ல வேண்டாம். எத்தனை மணிக்கு ஊசி போடுவார்கள்?

பாளை மகள் | புதன், இரவு 10.15

ஏழரைக்கு அண்ணா. ஆறரைக்கே அங்கே இருக்க வேண்டும், முதலில் எடை பார்ப்பார்கள்.